கல்மிக் சம்பந்தியின் பெட்டி

2010 டிசம்பர் 27, திங்கட்கிழமை, மார்கழி பன்னிரண்டு. நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிட்டது. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பால் வாங்கிக் காய்ச்சினேன். இட்லி ஊற்றினேன். மதியத்துக்குச் சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து மூடி வைத்தேன். என் கணவர் மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். கார்த்திகை மழையில் மூழ்கிய சம்பாவில் பாதி அழுகிவிட்டது. மீதியைக் காப்பாற்றவாவது தண்ணீர் வடிய வேண்டும். நான் போய்த் தபால் நிலையத்தைத் திறந்து, முத்திரையில் தேதியை மாற்றினேன். கிறிஸ்துமஸும் ஞாயிறும் சேர்ந்து வந்ததால் இருபத்துநான்கை எடுத்துவிட்டு நேராக இருபத்தேழைக் கோத்தேன். மதியத்துக்கு மேல் அரைநாள் விடுப்பு எழுதியிருந்தேன். மறுநாள் மாலை சம்பந்தி ஊருக்குப் புறப்படுகிறார். அவருக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

பூதலூரில் சம்பந்தி என்றால் திருக்காட்டுப்பள்ளியிலோ அய்யம்பேட்டையிலோ இருப்பார். என் சம்பந்தியின் ஊர் எலிஸ்தா. ரஷ்யாவின் தெற்கில், வோல்கா ஆற்றுக்கு மேற்கே, மரமே இல்லாத புல்வெளி நாடு. அதற்குக் கல்மிக்கியா என்று பெயர். இதைத் தபால் நிலையத்தில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அன்று காலையிலும் பதிவுத் தபால் அனுப்ப வந்தவர் ஒருவர் ஆரம்பித்தார்.

"மேடம், உங்க மருமக சைனாங்களா?"

"இல்லைங்க, ரஷ்யா."

"ரஷ்யான்னா பூனைக் கண்ணா, செக்கச்செவேல்னு இருப்பாங்களே?"

"இவங்க கல்மிக்குங்க. மங்கோலியாப் பக்கத்துலேருந்து ஆடு மாடு ஓட்டிக்கிட்டு நானூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க போனவங்க. புத்த மதம்."

"அப்ப நேபாளின்னு சுருக்கமா சொல்லிடுங்களேன்."

"சரிங்க, நேபாளி. ரசீது வாங்கிக்குங்க."

என் மகன் ரஷ்யாவின் அஸ்த்ரகான் நகரில் மருத்துவம் படித்தான். அவன் எடுத்த மதிப்பெண்ணுக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. அந்த வருஷங்களில் தெருவுக்கு ஒரு பிள்ளை ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ டாக்டருக்குப் படிக்கப் போனது. பண்ணையாளாக இருந்த என் மாமனாரின் பேரன் வெளிநாட்டில் படிக்கிறான் என்பதே என் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பெரிய செய்தி. அவன் உடன் படித்தவளைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தான். வெளிநாட்டில் படித்து வந்தவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் வைத்தியம் பார்க்கலாம். அவன் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். இப்போது சென்னையில் ஒரு விடுதியில் தங்கி அதற்கென்றே பயிற்சி வகுப்புக்குப் போகிறான். மருமகள் எங்களோடு பூதலூரில். பேத்திக்கு இரண்டு வயது. வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தும், எங்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் வெளியே டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

மருமகள் சீக்கிரமே தமிழ் கற்றுக்கொண்டாள். என்னை அத்தை என்பாள். என் பேரையும் என் கணவர் பேரையும் அவள் வாயால் நான் கேட்டதில்லை. யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். "எங்க ஊர்லயும் மாமியார் மாமனார் பேரச் சொல்ல மாட்டாங்க அத்தை, இது ஒண்ணுதான் எனக்கு ஈஸியா இருந்துது" என்றாள். மற்றவை எளிதாக இல்லை என்பது அதிலேயே தெரிந்தது. ஆடி மாதத்தில் ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவிடம் போனில் பேசிக்கொண்டே அழுதாள். என்ன பேசினாள் என்று எனக்குப் புரியவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் விசா எடுத்தார். மகளையும் பேத்தியையும் கூட்டிப் போவதா வேண்டாமா என்பதை நேரில் பார்த்துவிட்டு, புறப்படும் முன் சொல்வதாக என் மகனிடம் போனில் தெரிவித்திருந்தார். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வீட்டில் தூங்கினார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறினேன். பேத்தி போய்விட்டால் இந்த வீட்டில் என்ன மிச்சம் என்பதுதான் அந்த மூன்று வாரமும் எனக்குள் ஓடியது.

அவருக்கு எழுபது வயது. ஆட்டுப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, இந்த ஒரு பெண்தான். குட்டையான, அகன்ற உடம்பு. தினமும் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு புது ஆற்றங்கரையில் நடப்பார். மேய்கிற ஆடுகளை நிறுத்தி வாயைத் திறந்து பல் பார்ப்பார். ஆட்டுக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு அவர்களே ஆட்டைப் பிடித்துக் கொடுத்தார்கள். காலையில் அடுப்படிக்கு வந்து தன் தேநீரைத் தானே போட்டுக்கொள்வார். ஊரிலிருந்து செங்கல் மாதிரி அழுத்திய தேயிலை கொண்டுவந்திருந்தார். அதை உடைத்துக் கொதிக்க வைத்து, நிறையப் பால் ஊற்றி, உப்பும் வெண்ணெயும் போடுவார். முதல் கிண்ணத்தைத் தன் அறையில் இருந்த சின்ன புத்தர் படத்துக்கு முன் வைத்துவிட்டுத்தான் குடிப்பார். என் கணவர் மரியாதைக்காக ஒரு நாள் குடித்துவிட்டு, "ரசம்னு நெனச்சுக் குடிச்சா ஒண்ணும் தெரியல" என்றார்.

பயணச் சீட்டு எடுத்தது நான்தான். அவருடைய விசா முப்பதாம் தேதி முடிகிறது. விமானம் இருபத்தொன்பதாம் தேதி சென்னையிலிருந்து. ஆகவே இருபத்தெட்டாம் தேதி இரவு வண்டியில் தஞ்சாவூரிலிருந்து சென்னை. கூட என் கணவர் போகிறார். சபரிமலைக் கூட்டம் இருக்கும் மாதம். காத்திருப்போர் பட்டியலில் இருந்து, ஒரு வழியாக இடம் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தேன். இருபத்தெட்டு செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம். சென்னை வடக்கே. போதாததற்கு அட்டமி.

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. புறப்படும் நாள் சரியில்லை என்றால் முதல் நாளே நல்ல நேரத்தில் பெட்டியைக் கட்டி, வீட்டை விட்டு வெளியேற்றி, அக்கம்பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். அப்போதே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மறுநாள் ஆள் மட்டும் கையை வீசிக்கொண்டு போய்ப் பெட்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர் இருப்பதே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். என் மகன் முதல் தடவை ரஷ்யாவுக்குப் போனபோதும் அவன் பெட்டி ஒரு ராத்திரி எதிர்வீட்டில் இருந்தது. சம்பந்திக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று நினைத்தேன்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது அவர் பேத்தியோடு ஆற்றங்கரைக்குப் போயிருந்தார். மருமகள் தன் அத்தைமார்களுக்குக் கொடுத்தனுப்பப் பட்டுத் துணி வாங்கத் தஞ்சாவூர் போயிருந்தாள். வசதியாகப் போயிற்று என்று வேலையை ஆரம்பித்தேன். அவருடைய சட்டைகளைத் துவைத்துத் தேய்த்து வைத்திருந்தேன், அவற்றை மடித்து வைத்தேன். கும்பகோணத்திலிருந்து வரவழைத்த காப்பித்தூள், வடகம், முறுக்கு. தேயிலைக் கட்டியில் மீதி இருந்ததைக் காகிதத்தில் சுற்றினேன். கிண்ணம், புத்தர் படம், மூக்குக் கண்ணாடிக் கூடு, சவரச் சாமான் எல்லாவற்றையும் உடையாமல் துணிக்கு நடுவில் வைத்தேன். தடிமனான கம்பளிக் கோட்டு மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அது பெட்டியில் அடங்காது. அவர் கையில்தான் எடுத்துப் போக வேண்டும். மார்கழியில் துணி காய நேரமாகும் என்பதால் படுக்கை விரிப்பையும் தலையணை உறைகளையும் உருவித் துவைத்துப் போட்டேன். இரவுக்கு வேறு விரித்துக்கொள்ளலாம். அறையைப் பெருக்கித் துடைத்தேன். கட்டிலில் வெறும் மெத்தை. மேசையில் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியோடு பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நாலே முக்காலுக்கு மேல் நல்ல நேரம். பெட்டியை உருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பெண்ணின் கணவர் ரியாத்தில் இருக்கிறார். மாமியாரோடும் பிள்ளைகளோடும் இவள் இங்கே. என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"என்னக்கா, வீட்ட விட்டுக் கெளம்பிட்டீங்களா?"

"நான் எங்க போறேன். சம்பந்தி பெட்டி. நாளைக்குச் சூலம், அட்டமி வேற. இன்னிக்கே உன் வீட்ல வச்சிடறேன்."

"எங்க வீட்ல வச்சா சூலம் குத்தாதா?"

"குத்தாது. இன்னிக்கே பொறப்பட்டதா கணக்கு."

"நல்ல கணக்கா இருக்கே! இது தெரியாம போச்சே. எங்க வீட்டுக்காரரோட பெட்டிய மட்டும் ரியாத்துக்கு அனுப்பிட்டு ஆள வீட்லயே உக்கார வச்சிருப்பேன்." பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "உள்ள என்னக்கா, அம்மியா? ஏர்ப்போர்ட்ல வச்சுப் பிரிக்கச் சொல்லுவான். அந்த மனுஷன் முறுக்கக் கையில வச்சுக்கிட்டு நிப்பாரு. தெறங்க."

ஊருக்கு வந்து போகிற கணவருக்குப் பெட்டி கட்டிக் கட்டி அவளுக்கு அது கைப்பழக்கம். நான் அடுக்கியதை எல்லாம் வெளியே எடுத்து, ஒரு டப்பா முறுக்கையும் பாதி வடகத்தையும் கழித்து, மறுபடி அடுக்கினாள். நடுவில் டீ கொடுத்தாள்.

"சம்பந்திகிட்ட சொல்லிட்டீங்கள்ல, பெட்டி இங்க இருக்குன்னு?"

"அவர்கிட்ட நான் எந்த பாஷைல சூலத்தச் சொல்றது? மருமக வந்ததும் சொல்லிக்கலாம்."

நான் வெளியே வந்தபோது தெருவிளக்கு எரிந்துவிட்டது. எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். கம்பளிக் கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட்டு அணிந்திருந்தார். காலில் கனத்த பூட்சு, தலையில் தொப்பி. மடியில் பேத்தி. குழந்தையைப் பார்த்து நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஒரு கவுனுக்கு மேல் இன்னொரு கவுன், அதற்கு மேல் தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடைச் சட்டை, அதற்கு மேல் சுவெட்டர். இரண்டு ஜோடி சாக்ஸ், காது மூடிய குல்லா. அலமாரியில் அவளுக்கு இருந்த துணியெல்லாம் அவள் உடம்பில் இருந்தது. முகம் வியர்த்து வழிந்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அது சிரித்தது.

குழந்தையைக் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன். மூன்று வாரமாகச் சொல்லாத பதில் இதுதான் என்று பட்டது. ஓடிப்போய்க் குழந்தையின் கையைப் பிடித்தேன். அவர் விடவில்லை. முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் விடவில்லை. என்னைப் பார்த்து "கக்தா?" என்று கேட்டார். மருமகள் போனில் புருஷனிடம் எப்போதும் கேட்கும் வார்த்தை அது. எப்போது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த நாலைந்து ரஷ்யச் சொற்களில் ஒன்று. ரயிலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நாளைக்கு, நாளைக்கு" என்று தெருப்பக்கம் கையைக் காட்டினேன். அவர் தலையசைத்தார். குழந்தையின் சாக்ஸை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

நானும் குழந்தையின் கையை விடவில்லை. மருமகள் பஸ்ஸை விட்டு இறங்கித் துணிப்பையோடு தெருமுனையில் திரும்பியவள், எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து ஏதோ கேட்டாள். அவர் உள்ளே கையைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னார். அவள் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பெட்டி எங்க அத்தை?"

"எதிர்வீட்ல. நாளைக்கு வடக்க சூலம்மா. நம்ம பையன் போனப்பவும் அப்படித்தான் வச்சோம்."

"பெட்ஷீட்டு?"

"தொவச்சுப் போட்டேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. குழந்தையின் குல்லாவைக் கழற்றினாள். சுவெட்டரைக் கழற்றினாள்.

"நாளைக்கு என்ன தேதின்னு தெரியுமா அத்தை?"

"இருபத்தெட்டு."

"எங்க ஊர்ல டிசம்பர் இருபத்தெட்டுன்னா எல்லாரும் வெளக்கேத்துவாங்க. கோயிலுக்குப் போவாங்க. ஊருக்கு வெளில ஒரு மேட்டுல நினைவுச் சின்னம் இருக்கு, பக்கத்துல பழைய கூட்ஸ் வண்டிப் பெட்டி ஒண்ணு நிக்குது. அங்க போய் நிப்பாங்க. 1943ல அன்னிக்குத்தான் எங்க சனம் அத்தன பேரையும் வண்டில ஏத்துனாங்க. ஒருத்தர் விடாம, ஒரே நாள்ல, சைபீரியாவுக்கு. அப்பாவுக்கு அப்ப மூணு வயசு."

இதை அவள் அதற்கு முன் சொன்னதில்லை. கல்மிக் என்றால் யார் என்று நூறு பேருக்கு விளக்கியவள் நான். ஆடு மாடு, புத்தர், மங்கோலியா வரைதான் எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்குள் என் கணவர் வயலிலிருந்து வந்துவிட்டார். காலில் சேறு காயாமல் வாசலில் நின்று என்ன என்று கேட்டார். நடந்ததைச் சொன்னதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரூமையும் கழுவி விட்டுட்டியா? வாசல்ல ஆரத்தி எடுக்கறதுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு, எதிர்வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்து சம்பந்தியின் காலடியில் வைத்தார். அவருக்கு முன்னால் தானும் தரையில் உட்கார்ந்தார்.

சம்பந்தி கோட்டைக் கழற்றவில்லை. மெதுவாகப் பேச ஆரம்பித்தார். மருமகள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். விடிவதற்கு முன் சிப்பாய்கள் கதவைத் தட்டினார்களாம். யுத்தத்தில் கொஞ்சப் பேர் ஜெர்மன்காரர்களோடு சேர்ந்துகொண்டார்கள் என்று மொத்த சனத்துக்கும் ரஷ்ய சர்க்கார் கொடுத்த தண்டனை. அப்போது அவருடைய அப்பா அதே சர்க்காரின் பட்டாளத்தில் சண்டையில் இருந்தார். வீட்டில் அம்மா, அக்கா, இவர், ஒரு கைக்குழந்தை. அரை மணிதான் கொடுத்தார்கள். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. அம்மா மூட்டை கட்டத் தெரியாமல் நின்றபோது ஒரு சிப்பாயே அலமாரியிலிருந்து சாமான்களை அள்ளிச் சாக்கில் போட்டான். அம்மா பிள்ளைகளுக்கு இருந்த துணியை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டாள். மாட்டை ஏற்றும் வண்டி, ஜன்னல் இல்லை. கைக்குழந்தை வழியிலேயே போய்விட்டது.

"இதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கா?" என்று என் கணவர் கேட்டார்.

மருமகள் கேட்டுச் சொன்னாள். "இல்லையாம். எல்லாம் அக்கா சொன்னதாம். ஆனா அவரு பெட்டிய இதுவரைக்கும் வேற யாரும் கட்டினதில்ல. எங்கம்மாவையே தொட விட்டதில்ல."

"நாளைக்குச் சாயங்காலம்தான் வண்டின்னு அவருக்குத் தெரியும்ல?" என்றேன் நான்.

அவர் நேராக என்னைப் பார்த்துச் சொன்ன பதிலை மருமகள் தமிழில் சொன்னாள். "தெரியுமாம். வீட்ல யாரும் இல்ல, ரூம் காலியா இருந்துது, அதப் பாத்ததும் தெரிஞ்சதெல்லாம் போயிடுச்சாம். எங்க போகச் சொல்லுவாங்கன்னு தெரியலன்னா முதல்ல குழந்தைக்குத் துணி போடணும், அது மட்டும்தான் தோணுச்சாம். உங்கள பயமுறுத்திட்டதுக்கு மன்னிச்சுக்கச் சொல்றாரு."

என் கணவர்தான் பேசினார். "எங்கப்பாவ ஒரு தடவ பொழுது சாயறதுக்குள்ள குடிசையப் பிரிச்சுக்கச் சொல்லிட்டாரு பண்ணைக்காரரு. கூலி ஒசத்திக் கேட்டதுக்கு. நான் கூரைக் கழிய இழுத்துக்கிட்டே நடந்தேன். சொல்லும்மா இவருகிட்ட."

அவள் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "எவ்ளோ தூரம் போனீங்கன்னு கேக்கறாரு மாமா."

என் கணவர் கொஞ்சம் யோசித்தார். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

அதைக் கேட்டதும் கிழவர் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். சம்பந்தி எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அடுப்படிக்குப் போனார். பெட்டியைத் திறந்து தேயிலையைத் தேட வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரி அதை எந்த மூலையில் வைத்தாளோ, என்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவரே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நான் இஸ்திரி போட்ட சட்டைகளை உதறிச் சுருட்டி, தன் வழியில் மறுபடி அடுக்கினார். நாங்கள் யாரும் கிட்டப் போகவில்லை. அவர் போட்ட உப்புத் தேநீரை எல்லாரும் குடித்தோம்.

வேறு நாளைக்குச் சீட்டு மாற்ற முடியுமா என்று நான் கேட்டேன். விசா முடிவதால் வழியில்லை என்பது எனக்கே தெரியும். வேண்டாம் என்றார். அந்தத் தேதியில் தன் வீட்டை நோக்கிப் போகும் வண்டியில் ஏறுவது நன்றாகத்தான் இருக்கும் என்றாராம்.

"டிக்கெட் போட்டப்பவே நீ சொல்லியிருக்கலாமேம்மா" என்று மருமகளிடம் கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம்.

"நீங்க வெயிட்டிங் லிஸ்டப் பாத்துக்கிட்டே இருந்தீங்க அத்தை. கெடச்சப்ப எவ்ளோ சந்தோஷமா வந்து சொன்னீங்க. அப்ப போய் இதச் சொல்லணுமான்னு இருந்துது. நான் இங்க நெறைய விஷயம் அப்படித்தான் சொல்லாம விட்டுடறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. என் குரலிலும் அதுதான் இருந்திருக்கும். இனியும் அவர் முகத்தைப் பார்த்துப் பதிலை ஊகிக்க எனக்குத் தெம்பு இல்லை.

"அப்பா என்னதான் முடிவு பண்ணியிருக்காரு?"

"அவரு முடிவு பண்ணலயாம். கூட்டிட்டுப் போகத்தான் வந்தாராம். இங்க வந்து உங்களையெல்லாம் பாத்தப்புறம் விட்டுட்டே போயிடலாம்னு தோணுச்சாம். இன்னிக்குச் சாயங்காலம் அந்த ரூமப் பாத்தப்ப மறுபடி மாறிடுச்சாம். இப்ப, உன்னக் கேக்காம நான் ஏன் இதச் சுமந்துக்கிட்டு அலையறேன்னு என்னத் திட்டறாரு."

"நீ என்ன சொல்ற?"

அவள் கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்துக் கவிழ்த்தாள்.

"நான் போறேன் அத்தை. அவரு கூப்பிடறதுக்காக இல்ல. உங்க மேல ஒரு கொறையும் இல்ல. எலிஸ்தாவுல ஆஸ்பத்திரில ஆள் வேணும்னு இருக்காங்க. நான் ஒரு நோயாளியத் தொட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆகுது. நேத்து உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல, நான் அமுக்கிப் பாத்தேன், அப்ப என் கையே எனக்குப் புதுசா இருந்துது."

"அவன்?"

"அவருக்குத் தெரியும். இந்தத் தேர்வு எழுதட்டும். தேறினா பாக்கலாம். தேறலன்னா அங்க வரட்டும், அங்க நாங்க ரெண்டு பேருமே டாக்டர்தான்."

"குழந்தை?"

அவள் அடுத்த தட்டைத் துலக்கினாள். நான் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. குழந்தை தாயோடுதான் போகும்.

"எப்போ?"

"மாசியில எங்களுக்கு சகான் சார்னு பண்டிகை, குளிர் முடிஞ்சு வர்ற பண்டிகை. அதுக்குள்ள போனா நல்லது." கையைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும். அதுக்கே எவ்ளோ நாள் ஆகுமோ. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்."

விண்ணப்பம் எப்படிப் போக வேண்டும், என்னென்ன இணைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் யாராவது ஒருவர் வந்து என்னிடம் கேட்கிற விஷயம்தான். நாலு பேருக்குச் சொல்லும் அதே வரிசையில் அவளுக்கும் சொன்னேன். பிறப்புச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, அவன் கையெழுத்துக்குச் சென்னைக்குத் தபாலில் அனுப்பிவிடலாம், படம் மட்டும் புதிதாக எடுக்க வேண்டும், காது இரண்டும் தெரிய வேண்டும் என்றேன். அவள் சரி அத்தை, சரி அத்தை என்று கேட்டுக்கொண்டாள். சம்பந்தியின் அறையில் கட்டிலுக்குப் புது விரிப்பு விரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தி ஒரு முனையையும் என் கணவர் மறுமுனையையும் பிடித்திருந்தார்கள். இரண்டு பேருக்குமே அந்த வேலை சரியாக வரவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பேத்தியை எழுப்பி முகம் கழுவி, முடியை இரண்டு பக்கமும் இழுத்து வாரிக் காதுக்குப் பின்னால் கிளிப் போட்டு, கடைத்தெரு ஸ்டுடியோக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.